குதிரை நடந்த கரையும் இரயில் ஓய்ந்த தடமும்

பிரெஞ்சு நாட்டின் நாட்டுப்புறத்தை மிதிவண்டியில் சுற்றிப் பார்க்க விரும்புவோருக்கு இன்று அந்நாட்டில் தனி வழிகள் உண்டு. மோட்டார் வண்டிகளுக்கு அங்கு இடமில்லை. நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் குதிரை ஏறி வருவோருமே அவ்வழிகளைப் பயன்படுத்தலாம். சில இடங்களில் அவை நீரோரமாக மர நிழலில் நேராகச் செல்கின்றன. சில இடங்களில் குன்றைக் குடைந்து உட்புகுந்து மறுபுறம் வெளிப்படுகின்றன. ஏற்றமும் இறக்கமும் மிக மெல்லியவை. முதன்முறை காண்போர், மிதிவண்டிக்கென்றே எண்ணித் திட்டமிட்டு அமைத்த பாதைகள் இவை என்று கருதக்கூடும். உண்மை அதுவன்று. இவற்றுட் பெரும்பாலானவை படகிழுக்கும் குதிரைக்காகவும் நீராவி எந்திரத்துக்காகவும் போடப்பட்டவை. வேறொரு தேவைக்காகப் பிறந்து, அத்தேவை தீர்ந்ததும் கைவிடப்பட்டு, பின்னர் மிதிவண்டிக்கு வாய்த்தவை. கைவிடப்பட்டிருந்த இடைக்காலத்தில் அந்நிலம் யார் கையில் இருந்தது என்னும் வினாவிலிருந்தே இவற்றின் வரலாற்றைத் தொடங்குதல் வேண்டும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். மோட்டார் வண்டி அறவே புகாத வழியைப் பிரெஞ்சு மக்கள் 'பசுமை வழி' எனப் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் அரசாணை இதனை அந்நாட்டுச் சாலை விதித் தொகுப்பிலேயே சேர்த்தது. 'மிதிவண்டி நெடுவழி' என்பது வேறு. அது பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு வழிகாட்டிப் பலகைகள் நட்ட பயணத்தடம். பசுமை வழிகளையும், வண்டிகள் குறைந்த ஊர்ச்சாலைகளையும் மாறி மாறி இணைத்துச் செல்வது. லுவார் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் செல்லும் புகழ்பெற்ற வழி இவ்வகையைச் சேர்ந்தது. சுற்றுலாக் குறிப்புகள் பலவும் இவ்விரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகின்றன. அவற்றை நம்பிச் சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், திடுமென ஒரு சாலையில் லாரிகளுக்கு நடுவே நிற்க நேரிடும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர், நீர்நிலைகளையும் காடுகளையும் பற்றிய பெருஞ்சட்டம் ஒன்றை 1669ஆம் ஆண்டில் இயற்றுவித்தார். கப்பல்கள் கட்டத் தேவையான மரம் குறைந்துவிடுமே என்னும் கவலை அச்சட்டத்தில் மிகுதியாகத் தென்படும். ஆயினும் நமக்கு வேண்டியது அதன் ஒரு சிறு பகுதி. படகு செல்லும் ஆறுகளின் கரையில் நிலம் வைத்திருப்போர், படகை இழுக்கும் குதிரைகள் நடக்க 24 அடி அகலம் விட்டுவைத்தல் வேண்டும்; அதற்குள் மரம் நடுதலோ வேலி இடுதலோ கூடாது; எதிர்க்கரையில் 10 அடி விடுதல் வேண்டும் என்று அது விதித்தது.

எந்திரம் இல்லாத அக்காலத்தில் ஆற்றை எதிர்த்துச் செல்லும் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டித்தான் இழுத்தனர். குதிரையும் எருதும் இழுத்தன. வசதியற்ற படகுக்காரன் தன் மனைவி மக்களோடு தானே தோளில் வார்ப்பட்டை மாட்டி இழுத்தான். அவர்கள் நடப்பதற்குக் கரை தடையற்றிருந்தாக வேண்டும். ஒருவர் கொல்லையில் வேலி எழுந்தாலும் வணிகம் முழுதும் அங்கே நின்றுவிடும். ஆதலின் நிலம் தனியாருடையதாயினும், அதன் மேல் நடக்கும் உரிமை பொதுவினுடையது என்று அரசு அறுதியிட்டது.

முடியாட்சி வீழ்ந்தது; புரட்சி வந்தது; அடி என்னும் பழைய அளவையையே ஒழித்து மீட்டர் அளவையைக் கொணர்ந்தனர். படகிழுக்கும் குதிரையும் மறைந்தது. ஆயினும் இன்றைய பிரெஞ்சுச் சட்டத்தைப் புரட்டினால், படகு இழுக்கும் பக்கத்தில் 7.80 மீட்டரும் எதிர்ப்பக்கத்தில் 3.25 மீட்டரும் விடுதல் வேண்டும் என்றிருக்கிறது. எட்டு மீட்டர் என்று முழுமையாக்காமல் ஏன் 7.80 என்று எழுதினர் என மாணவர் வியக்கலாம். பழைய பாரிசு அடி ஏறத்தாழ 32.5 சென்டிமீட்டர். அதனை இருபத்து நான்கால் பெருக்கிப் பார்த்தால் விடை கிடைக்கும். கொல்பேரின் 24 அடியே மீட்டரில் மாறுவேடம் பூண்டு இன்றும் அச்சட்டத்தில் அமர்ந்திருக்கிறது.

ஆறுகளின் நிலை இதுவாக, வெட்டப்பட்ட கால்வாய்களில் கரையும் பெரும்பாலும் பொதுச் சொத்தாகவே அமைந்தது. அவற்றுள் புகழ் மிக்கது தென்னாட்டுக் கால்வாய். துலூஸ் நகரிலிருந்து நடுநிலக் கடலோரத்தில் உள்ள தோ ஏரிவரை 240 கிலோமீட்டர் நீளமுள்ளது. இதனை எண்ணி முடித்தவர் பொறியியலாளர் அல்லர். உப்பு வரி தண்டும் குத்தகைதாரரான பியர் போல் ரிக்கே என்பவர். பெசியே ஊரினர். கால்வாய்க்கு மிக உயரமான இடத்தில் நீர் எங்கிருந்து வரும் என்பதே அவர்க்கு முன் இருந்தோரைத் தடுத்து நிறுத்திய சிக்கல். ரிக்கே கருமலைத் தொடரின் ஓடைகளைத் திருப்பினார். சேன் ஃபெரியோல் என்னுமிடத்தில் பேரணை எழுப்பி நீரைத் தேக்கினார். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 190 மீட்டர் உயரமுள்ள நொரூஸ் மேட்டுக்கு அதனைக் கொணர்ந்தார். அங்கிருந்து நீர் இருபுறமும் இறங்கியது.

மன்னரின் ஆணை 1666ஆம் ஆண்டில் கிடைத்தது. பணி மிகுந்திருந்த நாள்களில் 12,000 பேர் வரை உழைத்தனர். அவர்களுட் பெண்களும் இருந்தனர். ரிக்கே தம் ஆள்களுக்கு மாதக் கூலி கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கும் விழா நாளுக்கும், மழையால் வேலை நின்ற நாளுக்கும், நோயால் படுத்த நாளுக்கும் கூலி உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இது கேள்விப்படாத ஒன்று. அறுவடைக் காலத்தில் ஆள்கள் வயலுக்குப் போய்விடாமல் தக்கவைக்கவே அவர் இவ்வாறு செய்தார் என்று சொல்வோர் உளர். காரணம் எதுவாயினும் கூலி பெற்றவனுக்கு அது கூலிதான். தம் செல்வத்தையும் மகளிரின் சீதனப் பணத்தையும் இதில் கொட்டிய ரிக்கே, கடனாளியாக 1680ஆம் ஆண்டு அக்டோபரில் இறந்தார். கால்வாய் அடுத்த ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டது.

ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் அக்கால்வாய் செழித்தது. கோதுமையும் மதுவும் சென்றன. பயணிகளைச் சுமந்த அஞ்சற் படகைக் குதிரைகள் ஓட்டமாக இழுத்துச் சென்றன. இடையிடையே நிலையங்களில் குதிரைகள் மாற்றப்பட்டன. பின்னர், போர்தோவிலிருந்து செத் துறைமுகம் வரையிலான இருப்புப்பாதை 1857ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அடுத்து நிகழ்ந்தது வணிக வரலாற்றில் ஒரு விந்தை. அந்த இருப்புப்பாதைக் கும்பினியே தன் போட்டியாளனாகிய கால்வாயை 1858இல் நாற்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது! ஆட்டுப் பட்டியை ஓநாயிடம் ஒப்படைத்ததைப் போன்ற செயல் அது. படகுக் கட்டணம் உயர்ந்தது. சரக்கு இரயிலுக்கு மாறியது. 1898இல் குத்தகை முடிந்து அரசு மீட்டெடுத்தபோது கால்வாயின் நல்ல காலம் கடந்துவிட்டிருந்தது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. வணிகம் சென்றதேயன்றி நிலம் செல்லவில்லை. குத்தகை என்பது விற்பனை அன்று. கரைகள் அரசிடமே திரும்பின. இருபதாம் நூற்றாண்டில் படகுகளுக்கு மோட்டார் வந்து குதிரைகள் அறவே நின்ற பின்னும், கரைப்பாதை நீர்ப்பூட்டுக் காவலர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் உரியதாகக் கிடந்தது. 1996இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இக்கால்வாய் இடம்பெற்றது. துலூசிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரை அக்கரைப்பாதைக்குத் தார் போட்டிருக்கிறார்கள். அதற்கு அப்பால் பல இடங்களில் வேரும் கல்லுமாக வழி கரடுமுரடாகிவிடும். நிழல் தந்து நின்ற பிளேன் மரங்களின் கதை துயரமானது. 2006இல் இக்கால்வாய்க் கரையில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோயால் அவற்றுட் பல்லாயிரக்கணக்கானவற்றை வெட்டி எரிக்க நேர்ந்தது. வேறு இன மரங்களை நட்டு வருகின்றனர். நிழல் திரும்ப ஒரு தலைமுறை ஆகும்.

மற்றக் கால்வாய்களின் கதையும் இதனோடு ஒத்ததே. பிரித்தானி மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் நாந்த்–பிரெஸ்ட் கால்வாயை, ஆங்கிலேயக் கடற்படை பிரெஸ்ட் துறைமுகத்தை முற்றுகையிட்டால் உள்நாட்டு வழியே பொருள் அனுப்புவதற்கென நெப்போலியன் காலத்தில் எண்ணினர். 1811இல் தொடங்கி 1842இல் திறந்தபோது அந்தப் போரே முடிந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. குளோமெல் என்னுமிடத்தில் மேட்டை வெட்டித் திறக்கும் கொடிய வேலையில் தண்டனைக் கைதிகளை ஈடுபடுத்தினர். இன்று அவ்விடத்தைப் பயணிகள் சில நிமிடங்களில் உருட்டிக் கடக்கின்றனர். 1920களில் எழுந்த கெர்லெதான் மின்னணை அக்கால்வாயை நடுவில் இரண்டாகத் துண்டித்து, பல நீர்ப்பூட்டுகளை மூழ்கடித்தது. நாட்டின் நடுப்பகுதியில் உள்ள பெரி கால்வாய் மிகக் குறுகலானது. கழுதைகள் இழுத்த சிறு படகுகளுக்கு உரியது. 1955இல் அதனை நீர்வழிப் பட்டியலிலிருந்தே நீக்கினர். சில ஊர்களில் மண்ணிட்டு மூடியும்விட்டனர். ஆயினும் நிலத்தின் பெரும்பகுதி ஊராட்சிகளின் கைக்குச் சென்றமையால் பின்னாளில் மிதிவண்டி வழி அமைக்க இடம் எஞ்சியது.

இனி இருப்புப்பாதை. 1865ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டங்களும் ஊர்களும் தத்தமக்கெனச் சிறு இருப்புப்பாதைகள் அமைக்க வழி திறந்தது. பொதுப்பணி அமைச்சர் ஃபிரெய்சினே 1879இல் கொணர்ந்த சட்டமோ 181 புதிய தடங்களை, ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒரே மூச்சில் பட்டியலிட்டது. உள்நாட்டுச் சிற்றூர்களுக்கெல்லாம் குடியரசின் பயன் எட்டவேண்டும் என்பது அதன் நோக்கம். இலாபம் வருமா என்பது இரண்டாம் வினாவாகவே இருந்தது. இலாபம் வரவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் பேருந்தும் லாரியும் பெருகின. 1938இல் கும்பினிகளை ஒன்றிணைத்துத் தேசிய இருப்புப்பாதைக் கழகம் உருவானதும், பல தடங்களில் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டன. போருக்குப் பின்னர் 1950களிலும் 1960களிலும் மூடல் தொடர்ந்தது.

இங்குத்தான் கால்வாய்க்கும் இருப்புப்பாதைக்கும் விதி வேறுபட்டது. கால்வாயில் நீர் இருக்கும்வரை கரையைத் துண்டு போட இயலாது. தண்டவாளத்தைப் பெயர்த்த தடமோ வெறும் நீண்ட நிலம். உழவன் ஒரு துண்டு வாங்கி வயலோடு சேர்த்துக்கொள்கிறான். ஊராட்சி ஒரு துண்டில் குப்பை கொட்டுகிறது. நிலைய அறைகள் வீடுகளாகின்றன. பாலத்தின் இரும்பைப் பழைய விலைக்கு விற்றுவிடுகின்றனர். நாற்பது கிலோமீட்டர்த் தடத்தில் நானூறு மீட்டர் தனியாரிடம் போயிற்றென்றால், எஞ்சியது வழியாகாது. பிரான்சில் இவ்வாறு கைநழுவிய தடங்கள் பலவாகும். அவற்றை மீண்டும் விலை கொடுத்து வாங்க முற்பட்ட மாவட்டங்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடின.

இவ்வளவும் நிகழ்ந்துகொண்டிருந்தபோது மிதிவண்டி எங்கிருந்தது? பாரிசில் மிஷோ குடும்பத்தார் 1860களில் முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்திய வண்டிகளைச் செய்து விற்றனர். 1869இல் பாரிசிலிருந்து ருவான் நகருக்கு நெடுந்தொலைவுப் பந்தயம் நடந்தது. 1890இல் மிதிவண்டி ஆர்வலர்கள் ஆங்கிலேயரின் முன்மாதிரியைப் பின்பற்றிப் பிரெஞ்சுச் சுற்றுலாக் கழகத்தை நிறுவினர். 1893 முதல் அரசு மிதிவண்டிக்கு வரியும் விதித்தது. 1958 வரை அவ்வரி நீடித்தது. சேன்ட் எத்தியேன் நகரில் பட்டு வணிகம் செய்த போல் தெ விவி என்பவர் 1887இல் மிதிவண்டி இதழ் ஒன்றைத் தொடங்கி, 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் எழுதிவந்தார். பந்தயத்துக்காக அன்றி நாடு காண்பதற்காக மிதிவண்டி ஓட்டுதல் என்னும் கருத்தைப் பிரெஞ்சு மக்களிடையே வேரூன்றச் செய்தவர் அவரே. மலைநாட்டில் ஏறி இறங்க ஒரே கியர் போதாது, பல கியர்கள் வேண்டும் என்று அவர் வாதாடினார். பந்தய உலகத்தார் அதனை முதியோருக்கும் பெண்களுக்கும் உரிய ஊன்றுகோல் என்று எள்ளினர்.

வெலோசியோவின் எழுத்தில் 'பசுமை வழி' வேண்டும் என்னும் கோரிக்கையைத் தேடுவது வீண். அவர் இளமையில் நாட்டுச் சாலைகள் அனைத்துமே ஒருவகையில் பசுமை வழிகள்தாம். குதிரை வண்டியும் புழுதியும் துரத்தும் நாயுமே மிதிவண்டிக்காரனின் பகை. அந்த நிலை அவர் வாழ்நாளிலேயே மாறிற்று. 1930ஆம் ஆண்டில், எழுபத்தாறு வயதில், தம் நகரத் தெருவில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது டிராம் வண்டி மோதி அவர் உயிர் துறந்தார்.

1936இல் பிளம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்க்கு ஆண்டுக்கு இரு வாரக் கூலியோடு கூடிய விடுமுறையைச் சட்டமாக்கியது. அக்கோடையில் இணைமிதிவண்டிகளில் கடற்கரை நோக்கிச் சென்ற இளந்தம்பதியரின் நிழற்படங்களை வரலாற்று நூல்களில் காணலாம். சாலை மிதிவண்டிக்குரியதாக இருந்த கடைசிக் காலம் அது. போருக்குப் பின் அதே தொழிலாளி கார் வாங்கினான். சுற்றுலாக் கழகமே மிதிவண்டியை மறந்து கார்ப் பயணத்தில் நாட்டம் கொண்டது. 1983இல் அது கலைந்தது. சிற்றூர் இரயிலை அழித்ததும் மிதிவண்டியைச் சாலையிலிருந்து விரட்டியதும் ஒரே மோட்டார் வண்டிதான். ஒன்றால் துரத்தப்பட்ட இருவரும் பின்னர் ஒரே தடத்தில் சந்தித்தனர் என்பதை நினைக்குந்தோறும் வியப்பாக இருக்கிறது.

அச்சந்திப்பு நிகழ்ந்த இடம் பர்கண்டியின் தென்பகுதி. சோன்–எ–லுவார் மாவட்டத்தார், ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை கைவிடப்பட்டிருந்த 44 கிலோமீட்டர் இருப்புப்பாதைத் தடத்தைச் சமன் செய்து 1997இல் திறந்துவிட்டனர். பிரான்சின் முதல் பசுமை வழி என்று இதனையே குறிப்பிடுவர். இரயில் எந்திரம் செங்குத்தாக ஏறமாட்டாது. ஆதலின் தடத்தின் ஏற்றம் மிக மெல்லியது. வெலோசியோவின் கியர் இல்லாமலே குழந்தையும் மூதாட்டியும் செல்லலாம். திராட்சைத் தோட்டங்களையும் கொர்மாத்தேன் மாளிகையையும், தெசே துறவியர் வாழும் குன்றின் அடிவாரத்தையும் கடந்து, 910ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட க்ளுனி மடத்தின் எஞ்சிய கோபுரம்வரை அவ்வழி செல்கிறது. ஓராண்டு இடைவெளியில், 1998இல், நாடு முழுமைக்குமான மிதிவண்டி வழித் திட்டத்தை அரசு ஏற்றது.

போர்தோவுக்குக் கிழக்கே லத்ரேன் முதல் சோவ்தேர் வரை மற்றோர் இரயில் தடமும் வழியாகியிருக்கிறது. அதற்கு ரொஜே லப்பெபியின் பெயரைச் சூட்டியுள்ளனர். பிரான்சுச் சுற்றுப் பந்தயம் பல கியர் அமைப்பை முதன்முதலாக அனைவருக்கும் அனுமதித்த ஆண்டு 1937. அவ்வாண்டு வென்றவர் இவர். வெலோசியோ இறந்து ஏழாண்டுகள் கழித்து அவர் வாதம் வென்றது.

இவ்வழிகளை எல்லாரும் வரவேற்றார்கள் என்று எழுதினால் அது வரலாறாகாது. இரயில் ஆர்வலர் பலர் எதிர்த்தனர். தண்டவாளத்தைப் பெயர்த்துத் தார் போட்டுவிட்டால் அங்கே இரயில் மீண்டும் வரவே வராது. மிதிவண்டி வழி என்பது இருப்புப்பாதையின் கல்லறை என்பது அவர்கள் வாதம். காரில்லாத முதியோரும் மாணவரும் வாழும் சிற்றூர்களை எண்ணினால் அவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. விடுமுறைப் பயணியின் இன்பத்திற்காக ஊராரின் அன்றாட வண்டியைப் பலியிடலாமா என்பது நேர்மையான வினாவே. ஆயினும் வழியாக்கப்படாத தடங்கள் இரயிலுக்காகக் காத்திருக்கவில்லை. துண்டு துண்டாகிப் போயின. நிலத்தை விற்காமல், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பயன்பாட்டை மட்டும் மாவட்டத்துக்கு ஒப்படைக்கும் முறையும் பின்னர்க் கையாளப்பட்டது. அதுவே அறிவுடைமை என்பது என் கருத்து. நம் பக்கத்திலும் 2011ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாளோடு தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த மலாயா இரயில் நின்று, சிங்கப்பூருக்குத் திரும்பிய 24 கிலோமீட்டர்த் தடம் துண்டாடப்படாமல் பசுமைத் தொடராக விடப்பட்டதை மாணவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

க்ளுனிக்குத் தெற்கே மாக்கோன் நோக்கிச் செல்லும் தடத்தில் புவா கிளேர் என்னும் குடைவு இருக்கிறது. நீளம் 1.6 கிலோமீட்டர். பழைய இரயிலுக்காகக் குன்றைத் துளைத்து அமைத்தது. உள்ளே கோடையிலும் குளிர் எலும்பைத் தொடும்; மங்கிய விளக்குகளின் ஒளியில், கூரையிலிருந்து சொட்டும் நீரோசை கேட்க, மிதிவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கின்றன. தொலைவில் அல்லாமல் அப்பகுதியிலேயே, 1981இல் திறந்த பாரிசு–லியோன் அதிவிரைவு இரயில் க்ளுனிப் பள்ளத்தாக்கை நொடிகளில் தாண்டிச் செல்கிறது. இரயில் நின்றபின் ஆளரவம் அற்றிருந்த ஆண்டுகளில் இக்குடைவை வௌவால்கள் தம் குளிர்கால உறைவிடமாக்கிக்கொண்டன. வழி அமைத்தோர் அவற்றை விரட்டவில்லை. ஆண்டுதோறும் குளிர்காலம் தொடங்கியதும் கதவை அடைத்துவிடுகின்றனர். இளவேனில் வரும்வரை மிதிவண்டிக்காரர் மேலே கணவாய்ச் சாலையில் கார்களோடு ஏறியே அப்புறம் செல்லவேண்டும்.